கடலடி நடுக்கமும் கரையோர எச்சரிக்கையும்

(கிழக்குக் கரையோரக் கிராமமொன்றின் வாசிகசாலையில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் வாசகம்.)



2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் திகதி பிற்பகல் 2 மணி 8 நிமிடத்துக்குச் சுமாத்திராவின் தென்மேற்கே நடுக்கடலின் அடியில் நிலம் நடுங்கிற்று. அதன் அளவு 8.6. உடனே எச்சரிக்கை வந்தது. இக்கரையில் வாழ்ந்தோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்நாடு நோக்கி விரைந்தனர். 4 மணி 13 நிமிடத்துக்கு இரண்டாவது நடுக்கம் நிகழ்ந்தது. அதன் அளவு 8.2. ஆயினும் பேரலை வரவில்லை. சுமாத்திராவின் மெயுலாபோத் துறையில் கடல் ஏறத்தாழ ஒரு மீற்றர் அளவு எழுந்ததே அன்றைய பெரிய பதிவாகும். சில மணித்தியாலங்களின் பின் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

அன்று தொடக்கம் இரு பேச்சுகள் நம்மிடையே உலாவி வருகின்றன. "விஞ்ஞானிகளுக்கு ஒன்றும் தெரியாது, வீணாக நம்மை ஓடச் செய்தார்கள்" என்பது ஒன்று. சற்றுப் படித்தவர்களிடம் மற்றொன்று கேட்கலாம். "அது பக்கவாட்டில் நழுவும் நடுக்கம். அவ்வகை நடுக்கத்துக்குக் கடல் எழுவதில்லை. இனி அவ்வகை என்று அறிந்தால் வீட்டிலேயே இருக்கலாம்" என்பது அது. இவ்விரு பேச்சுகளுள் இரண்டாவதே அபாயகரமானது என்பதை விளக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

முதலில் நடுக்கத்தின் வகையை அறிந்துகொள்வோம். பூமியின் மேலோடு பல தகடுகளாகப் பிரிந்து கிடக்கின்றது. ஒரு தகடு மற்றொன்றின் கீழே புகுந்து செல்லும் இடத்தில் மேலே கிடக்கும் விளிம்பு நெடுங்காலம் அமுங்கிக் கிடந்து, ஒரு நாள் விடுபட்டு மேலெழும். அங்ஙனம் எழும்போது தன் தலைமேல் நிற்கும் கடல் முழுவதையும் தூக்கிவிடும். இதனை மேலேற்ற நடுக்கம் என்போம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி நம்மை அழித்தது இவ்வகை. மற்றொரு வகையில் இரு நிலப்பகுதிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நகரும். ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே வந்த இரு வைக்கோல் வண்டிகள் உரசிச் செல்வதைப் போன்றது அது. நிலம் மேலே எழுவதுமில்லை, கீழே தாழ்வதுமில்லை, எழுந்தாலும் சிறிதே. இதனைப் பக்கநழுவல் நடுக்கம் என்போம்.

2012இல் நிகழ்ந்தது இந்த இரண்டாம் வகை. அது அகழியில் நிகழவில்லை. அகழிக்கு அப்பால், கடலடித் தகட்டின் நடுவே, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் பல பிளவுகள் அடுத்தடுத்து நழுவியதால் நிகழ்ந்தது. கருவிகள் தோன்றிய காலத்திலிருந்து பதிவான பக்கநழுவல் நடுக்கங்களுள் இதனைவிடப் பெரியது வேறில்லை. 2004இன் நடுக்கம் 9.1 அளவினது. சக்தியைக் கணக்கிட்டால் 2012இன் நடுக்கத்தைப் போல் ஐந்தரை மடங்கு என்னலாம். ஆனால் அலையின் கதை என்ன? 2004இல் ஆச்சேயின் மேற்குக் கரையில் நீர் 30 மீற்றருக்கு மேலும் ஏறிற்று. 2012இல் அதே ஆச்சேயில் ஒரு மீற்றர். ஐந்தரை மடங்குச் சக்தி இந்த வித்தியாசத்தை விளக்காது. நடுக்கத்தின் அளவை மாத்திரம் கொண்டு அலையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியாயின் அளவைக் கொண்டு எச்சரிக்கை விடுவது ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடுக்கம் நிகழ்ந்து சில நிமிடங்களுக்குள் ஒரு நிலையத்தின் கைக்கு வருவன மூன்றே: இடம், ஆழம், அளவு. வகை தெரிவதற்கு இன்னும் நேரம் வேண்டும். ஆகையால் முன்கூட்டியே கணித்து வைத்த அட்டவணையைப் பார்க்கின்றனர். "இந்த இடத்தில் இந்த அளவு நடுக்கம் மேலேற்ற நடுக்கமாயின் இன்ன கரையில் இவ்வளவு அலை" என்பதே அந்த அட்டவணை. மோசமானதை எதிர்பார்த்து எழுதப்பட்டது அது. 2012இல் அட்டவணை மிகைபடக் கூறியது உண்மை. அதற்காக அதனைக் குற்றஞ் சொல்லுவதற்கில்லை. 2004இல் நேர்ந்தது நேர்மாறானது. ஹவாயில் உள்ள பசிபிக் நிலையம் முதலில் 8.0 என்றது, ஒரு மணித்தியாலத்தின் பின் 8.5 என்றது, உண்மை 9.1. பெரிய நடுக்கங்களின் அளவை முதல் நிமிடங்களில் குறைவாக எடைபோடுவது அந்நாளைய முறையின் இயல்பான பலவீனம். நமது பல்லேகலையில் நிறுவப்பட்டிருந்த கருவியும் அன்று காலை அந்த நடுக்கத்தைப் பதிவு செய்தது. பதிவு செய்து என்ன பயன்? ஏழு மணிக்குச் சற்று முன்னர் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கடல் நம் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் கல்முனையிலும் நாவலடியிலும் முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் ஒருவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அறிவு இருந்தது, அதைக் கரைக்குக் கொண்டுவரும் வழி இருக்கவில்லை.

இங்கே இன்னொரு நடுக்கத்தையும் நினைவுபடுத்த வேண்டும். 2005 மார்ச் 28ஆம் திகதி இரவு, சுமாத்திராவின் நியாஸ் தீவுப் பக்கம் நிகழ்ந்தது. அளவு அதே 8.6. வகையோ மேலேற்றம். 2004இன் புண் ஆறாத நிலையில் அன்றிரவும் நம்மவர் ஓடினர். பெரிய அலை நம்மை எட்டவில்லை. நழுவிய நிலத்தின் பெரும்பகுதி தீவுகளின் கீழும் ஆழமற்ற கடலின் கீழும் கிடந்தமையால் தூக்கப்பட்ட நீர் குறைவு. ஆகவே அளவு மாத்திரமன்றி வகையும் முழுக் கதையைச் சொல்லாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த முறையைப் பார்ப்போம்.

அடுத்த முறை, நடுக்கத்தின் வகையை அறிதல். உலகெங்கும் உள்ள கருவிகளில் முதல் அலை வந்து சேரும்போது, சில திசைகளில் நிலம் முதலில் தள்ளப்படும். சில திசைகளில் முதலில் இழுக்கப்படும். தள்ளலும் இழுத்தலும் எந்தத் திசைகளில் நிகழ்ந்தன என்று பார்த்தால் பிளவு எப்படி நழுவியது என்பதை உய்த்துணரலாம். இந்த அறிவு பழையது. விரைவுதான் புதியது. கனமோரி, ரிவேரா என்னும் இரு அறிஞர் 2008இல் வெளியிட்ட முறை, 'டபிள்யூ' என்னும் நீண்ட அலையைக் கொண்டு பெரிய நடுக்கத்தின் உண்மையான அளவையும் வகையையும் ஏறத்தாழ 20, 25 நிமிடங்களில் கூறிவிடும். 2004இல் இது கையில் இருந்திருந்தால் 8.0 என்று ஏமாந்திருக்க வேண்டியதில்லை. 2012இல் இதன் முடிவு "பக்கநழுவல்" என்று தெளிவாகவே வந்தது.

மூன்றாவது முறை கடலையே கேட்பது. ஆழ்கடலின் அடியில் வைத்த அமுக்கமானி, மேலே ஓடும் அலை சில சென்ரிமீற்றர் உயரமாயினும் அதன் பாரத்தை உணரும், மிதவைக்குச் சொல்லும், மிதவை செய்மதிக்குச் சொல்லும். நடுக்கம் எவ்வகையாயினும் கவலையில்லை. அலை இருக்கிறதா இல்லையா என்பதற்கு இதுவே நேரான சாட்சி. ஆனால் மிதவை காவலாளி இல்லாத தோட்டம் போன்றது. மீன்பிடிப் படகுகள் அதில் கட்டும், கயிறு அறும், பழுது பார்க்கப் பணம் வேண்டும். இந்தோனேசியா நிறுவிய 22 மிதவைகளில் ஒன்றேனும் 2012க்குப் பின் இயங்கவில்லை என்று அந்நாட்டுப் பேரிடர் முகமையின் பேச்சாளரே 2018இல் வெளிப்படையாகக் கூறினார்.

அவர் அதைக் கூற நேர்ந்த சந்தர்ப்பம் யாது? இங்கேதான் "பக்கநழுவலுக்குக் கடல் எழாது" என்போர் நின்று கேட்க வேண்டும்.

2018 செப்ரெம்பர் 28, வெள்ளிக்கிழமை. சுலாவெசித் தீவின் பலு நகரம். முப்பது கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய குடாவின் முனையில் அமைந்தது அந்நகர். கடற்கரையில் விழா ஒன்று தொடங்க இருந்தது, மக்கள் திரண்டிருந்தனர். மாலை 6 மணி 2 நிமிடத்துக்கு 7.5 அளவான நடுக்கம். குடாவையும் நகரையும் ஊடறுத்துச் செல்லும் பலு-கோரோப் பிளவு பக்கவாட்டில் நழுவியது. நழுவிய வேகமும் சாதாரணமன்று, நிலத்தினுள் குறுக்கலை செல்லும் வேகத்தையே விஞ்சிற்று. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. சில இடங்களில் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே வந்தது. குடாவின் கரைகளில் பல இடங்களில் நீர் நான்கு மீற்றருக்கு மேல் ஏறிற்று. அதே வேளை பெத்தோபோ, பலரோவா முதலிய குடியிருப்புகளின் நிலம் சேறாகிக் குழைந்து வீடுகளை விழுங்கிற்று. காணாமற் போனோரையும் சேர்த்து இறந்தோர் 4,300க்கு மேற்பட்டவர்.

எச்சரிக்கை இல்லையா? இருந்தது. நடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் அந்நாட்டு வானிலை நிலையம், அட்டவணையைப் பார்த்து, மேற்கு டொங்கலாக் கரைக்கு அரை மீற்றர் முதல் மூன்று மீற்றர் வரை என்று அறிவித்தது. மின்சாரமும் தொடர்புகளும் வீழ்ந்துவிட்ட நகரில் அதைக் கேட்டவர் எத்தனை பேர்? 34 நிமிடம் கழித்து எச்சரிக்கையை நீக்கினர். நீக்குவதற்கு ஆதாரமாகப் பார்த்த கடல்மட்டக் கருவி ஏறத்தாழ 200 கிலோமீற்றருக்கு அப்பால் மாமூஜுவில் இருந்தது. அது காட்டியது 6 சென்ரிமீற்றர். குடாவினுள்ளேயே பந்தோலோவானில் ஒரு கருவி இருந்தது. அதில் அலை பதிவாயிற்று. ஆனால் அந்தப் பதிவு உரிய நேரத்தில் எவர் கைக்கும் போய்ச் சேரவில்லை. ஊர் மூழ்கிய பின் வெளியூர்க் கருவியைப் பார்த்து "கடல் அமைதி" என்று முடிவுசெய்த கொடுமையை என்னென்பது!

பக்கவாட்டில் நழுவிய நிலம் கடலை எப்படித் தூக்கியது? அறிஞர் இன்னும் விவாதிக்கின்றனர். பிளவு வளைந்து செல்லும் இடத்தில் நிலம் ஓரளவு மேலும் கீழும் அசைந்தது என்பர் சிலர். குலுக்கலில் குடாவின் செங்குத்தான கரைகள் பல இடங்களில் சரிந்து நீருக்குள் விழுந்தன என்பர் பலர். சரிந்த இடங்கள் கண்ணாலேயே காணக்கூடியவை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. இவற்றோடு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அதை விளக்க ஏடு வேண்டியதில்லை. வயலில் இறங்கியவர்கள் அறிவர். தண்ணீர் நிற்கும் வயலில் மட்டப்படுத்தும் பலகையைப் படுக்கையாக இழுத்தால் நீர் பெரிதாக அசையாது. அதே பலகையை நிமிர்த்தி, முகத்தால் தள்ளினால் முன்னே நீர் குவியும். கடலடி தட்டையாக இருந்தால் பக்கவாட்டு நகர்வு படுக்கையாக இழுத்த பலகை; 2012 அப்படி. கடலடி செங்குத்துச் சரிவாக இருந்தால் அந்நகர்வே நிமிர்ந்த பலகை, பலு அப்படி. ஆக, பக்கநழுவல் என்று அறிந்தவுடன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி "எங்கே?" என்பது. ஆழ்கடற் சமவெளியிலா, ஒடுங்கிய குடாவிலா, சரிவின் அடியிலா?

பலுவின் பின் உலகப் பத்திரிகைகள் மிதவைகள் இயங்காமையையே பெரிதாக எழுதின. அது சரியான குற்றச்சாட்டன்று. மூன்று நிமிடத்தில் வரும் அலைக்கு நடுக்கடல் மிதவை என்ன செய்யும்? அட்டவணையும் பயனில்லை, 'டபிள்யூ' அலையும் பயனில்லை. கரையோரத்தில் நின்று கால்களால் உணரும் நீண்ட பலமான நடுக்கமே அங்கு எச்சரிக்கை; உணர்ந்தவுடன் மேட்டுக்கு ஓடுவதே முறை. வகையை ஆராய அங்கே நேரமில்லை.

இதற்கு மறுதலையான உதாரணமும் உண்டு. 2024 டிசம்பர் 5ஆம் திகதி அமெரிக்காவின் வட கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் 7.0 அளவான பக்கநழுவல் நடுக்கம். சில நிமிடங்களில் நீண்ட கரை முழுவதற்கும் எச்சரிக்கை. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நீக்கம். அலை சில சென்ரிமீற்றர். மக்கள் முணுமுணுத்தனர். நியூசிலாந்திலோ 2016 நவம்பர் 14ஆம் திகதி நள்ளிரவில் பக்கநழுவலும் மேலேற்றமும் கலந்த 7.8 நடுக்கத்தின்போது, முதலில் அபாயமில்லை என்ற அதிகாரிகள் பின்னர் எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று. இந்த இரு தவறுகளுள் எதைத் தெரிவு செய்வீர்கள் என்று கேட்டால் கலிபோர்னியாவின் தவற்றையே நான் தெரிவு செய்வேன். முணுமுணுப்பதற்கு உயிர் வேண்டுமன்றோ!

இனி நம் கரைக்கு வருவோம். பலுவின் நடுவே செல்வது போன்ற பெரும் பிளவு நம் கரையில் இல்லை. நமக்கு வரும் அபாயம் தூரத்திலிருந்து வருவது. 2012இன் நடுக்கம் நிகழ்ந்த இடம் இங்கிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். ஆழ்கடலில் அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வரும். இரண்டு மணித்தியாலம் நமக்குண்டு. பலுவின் மக்களுக்கு இல்லாத செல்வம் இது. இந்த இரண்டு மணித்தியாலத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதே நமக்குரிய கேள்வி. முறைகளை எடைபோடுவதும் இந்தக் கணக்கிலேதான்.

முதல் பத்து நிமிடத்தில் அட்டவணை சொல்வதை ஏற்றுக்கொள்வோம். ஆனால் அந்த நேரத்தில் வரும் செய்தி "ஓடுங்கள்" என்பதாக இருக்க வேண்டியதில்லை. "கடற்கரையை விட்டு அகலுங்கள், முதியோரையும் நோயாளரையும் ஆயத்தம் செய்யுங்கள், கடலில் நிற்கும் படகுகள் கரைக்கு வராமல் ஆழத்துக்குச் செல்லட்டும்" என்பதாக இருக்கட்டும். அரை மணித்தியாலத்துக்குள் நடுக்கத்தின் வகை தெரிந்துவிடும். மேலேற்றம் என்றால் தயக்கமின்றி முழு வெளியேற்றம். பக்கநழுவல் என்றால் எச்சரிக்கையை நீக்குவதன்று. ஆயத்த நிலையிலேயே நின்று, ஆழ்கடல் அமுக்கமானிகள் சொல்வதைப் பார்ப்பது. அவை பேசாவிட்டால், ஒரு மணித்தியாலம் கழிந்ததும், வகை எதுவாயினும் வெளியேறுவது. மௌனத்தை நற்செய்தியாகக் கொள்வதே பலுவில் நடந்தது.

இத்திட்டம் காகிதத்தில் எளிது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி இடர் முகாமைத்துவ நிலையம் தோன்றியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரக் கரை நாடுகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. ஐதராபாத்திலிருந்து கொழும்புக்கு நிமிடங்களில் செய்தி வரும். கொழும்பிலிருந்து கிராமத்துக்கு வரும் வழியிலேதான் என் ஐயம். இரு கட்டங்களாக எச்சரிக்கை விடுவதாயின் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, மூன்று செய்திகள் வரும். முதற் செய்தி தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நிமிடத்தில் வந்து, இரண்டாவது செய்தி சிங்களத்தில் முன்னும் தமிழில் பின்னும் வருமாயின் என்னாகும்? ஆயத்த நிலையில் நிற்பவன் வெளியேற வேண்டிய கட்டளையைக் காணாமல் நிற்பான். "ஆயத்தம்", "எச்சரிக்கை", "வெளியேற்றம்" என்னும் மூன்று சொற்களும் இன்ன பொருளின என்று முன்கூட்டியே தமிழில் வரையறுக்கப்பட்டு, பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அலை வரும் நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியாது. தமிழ் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அந்த உரிமை நிமிடக் கணக்கில் பரீட்சிக்கப்படும் இடம் இது.

இன்னொன்று. வெளியேற்றம் என்பது வரைபடத்தில் ஓர் அம்புக்குறி. ஊரிலோ அது ஒரு பாலம். கல்லடியும் நாவலடியும் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணற்றிட்டில் கிடக்கின்றன. நகர்ப்பக்கம் செல்லப் பாலமே வழி. 2012இல் அங்கு இருந்தது 1924இல் கட்டிய ஒடுங்கிய இரும்புப் பாலம். புதிய பாலம் திறக்கப்பட்டது 2013இலேதான். அதே 2012இல் பண்டா ஆச்சேயின் தெருக்கள் வாகனங்களால் அடைபட்டு அசையாமல் நின்றன. அன்று 2004இன் அலை வந்திருந்தால் தெருவிலேயே அகப்பட்டிருப்பார்கள். ஆயத்த நிலைக்குக் கிடைக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் முதலில் யார் பாலத்தைக் கடப்பது, எந்த வாகனம் எந்தப் பக்கம் செல்வது என்பதைக் கொழும்பில் இருப்பவர் தீர்மானிக்க முடியாது. அந்த அதிகாரமும் அதற்குரிய பணமும் பிரதேச சபையிடமும் கிராம மக்களிடமும் இருக்க வேண்டும். நிவாரணத்துக்கென்று 2005இல் கையெழுத்தான பொதுக் கட்டமைப்பே நீதிமன்றத் தடையோடு நின்றுபோன நாட்டில் இதைக் கேட்பது அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். நிவாரணத்தைப் பங்கிடுவதில் அரசியல் பேசலாம். சைரனை ஒலிப்பதில் என்ன அரசியல்?

கமக்காரர் கேட்கலாம்: "நாங்கள் கரையிலிருந்து உள்ளே இருப்பவர்கள், எங்களுக்கென்ன?" 2004இல் உப்பேறிய கிணறுகளையும் வயல்களையும் கண்டவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அதைவிட, கரையிலிருந்து ஓடி வருவோர் வந்து சேர்வது உங்கள் ஊருக்கு. அவர்கள் எந்தப் பாடசாலையில் தங்குவர், எந்தக் கிணற்றில் நீர் எடுப்பர், இரவாயின் எவர் விளக்கேற்றுவர் என்பதை முன்னரே பேசி வைத்தால், அடுத்த முறை அலை வராமற் போனாலும் "வீணாக ஓடினோம்" என்ற சலிப்பு பாதி குறையும்.

எச்சரிக்கை நீக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்சரிக்கை வந்த அதே வழியால், அதே வேகத்தில், அதே மொழியில், காரணத்தோடு நீக்கமும் வர வேண்டும். "பக்கநழுவல் நடுக்கம், இன்ன இடத்து அமுக்கமானியில் இவ்வளவு சென்ரிமீற்றர், அதனால் நீக்குகிறோம்" என்று சொன்னால் மக்கள் விளங்கிக்கொள்வர். இந்து சமுத்திர நாடுகள் காலத்துக்குக் காலம் நடத்தும் ஒத்திகைகள் பெரும்பாலும் அகழியில் எழும் மேலேற்ற நடுக்கத்தையே கற்பனை செய்கின்றன. அடுத்த ஒத்திகையில் 2012ஐப் போன்ற ஒரு பக்கநழுவல் நடுக்கத்தையும் சேர்த்து, ஆயத்தம் முதல் நீக்கம் வரை ஒவ்வொரு செய்தியும் இந்தக் கிராமத்துக்குத் தமிழில் எத்தனை நிமிடத்தில் வந்து சேர்கிறது என்று மணிக்கூட்டை வைத்துக் கணக்கெடுக்கும்படி மாவட்டச் செயலகத்தைக் கேட்டு, இக்கூட்டம் இன்றே ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றேன்.